தொட்டிப் பால்

விடியற்காலை நாலே கால்.
வால்டோர் சாலையிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர்,
இருபுறமும் செம்பனை.
கொட்டகைக்கு முன்பே வந்துவிடுகிறது அதன் வாசம்:
புளித்த சோயாச் சக்கை, ஈரச் சாணம், அயோடின்.

பரஞ்சோதி ஒரு தாளை நீட்டுகிறார்.
பால் நிலையத்தின் முத்திரை, அடியில் சிவப்பில் ஓர் எண்.
மில்லிக்கு எட்டு லட்சத்து நாற்பதாயிரம் செல்கள்.
லிட்டருக்கு இருபது சென் வெட்டு என்கிறார் தவமலர்,
கால்குலேட்டரிலிருந்து தலை நிமிராமல்.
"எந்த மாடு டாக்டர்? காட்டுங்க. வித்துடறேன்."

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.
இன்று கறப்பவை தொண்ணூற்றேழு.
தொண்ணூற்றேழும் ஒரே தொட்டியில் பேசுகின்றன.
எந்தக் குரல் கரகரத்தது என்று
தொட்டி சொல்வதில்லை.

கல்லூரியில் ஒரு மாட்டைத்தான் கற்றுத் தந்தார்கள்,
அதன் நாலு வயிறு, வால் அடியில் நாடி.
மந்தைக்கு எங்கே நாடி பிடிப்பது?
நானாகத் தேடிக்கொண்டேன்.
படுத்திருப்பவற்றில் எத்தனை அசைபோடுகின்றன,
தண்ணீர்த் தொட்டியோரம் மண் எவ்வளவு குழைந்திருக்கிறது,
மின்விசிறிக்குக் கீழே யார் யாரை முட்டித் தள்ளுகிறார்கள்.

குந்துகிறேன்.
நாலு குழித் தட்டு, குழிக்கு ஒரு பீச்சு, ஊதா மருந்து,
ஒரு சுழற்று.
நல்ல பால் தண்ணீராய் ஓடும்,
கெட்டது கஞ்சியாய்த் திரளும்.
முந்நூற்று எண்பத்தெட்டுக் காம்பு.
மூன்று ஏற்கெனவே வற்றிப்போனவை,
ஆக முந்நூற்று எண்பத்தைந்து.
முட்டி அதற்குள் என்னுடையதாய் இல்லை.

திரண்டவை இருபத்து மூன்று.
எண்பத்தெட்டாம் எண்ணுக்கு நாலு குழியும் கூழ்.
வரிசை போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது:
நோயுள்ள மாட்டுக்கு அடுத்தது,
அதற்கும் அடுத்தது,
அதற்கப்புறம் வாளித் தண்ணீர் மாற்றும்வரை.

ஷோஹெல் துடைத்துக்கொண்டிருக்கிறான்.
பங்களாதேஷிலிருந்து வந்து இரண்டு வருடம்.
அவனளவு பதமாய் மடி துடைக்கும் ஆளை
நான் எந்தப் பண்ணையிலும் பார்த்ததில்லை.
காம்பு காம்பாய், மடிப்பு மடிப்பாய்,
ஒரே துணியால்
தொண்ணூற்றேழையும்.

பரஞ்சோதி அவனை நோக்கி ஒரு அடி வைக்கிறார்.
நான் குறுக்கே நின்றுகொள்கிறேன்.
"சத்து லெம்பு, சத்து காயின்," என்கிறேன் அவனிடம்,
ஒரு மாட்டுக்கு ஒரு துணி.
அவன் கையிலிருப்பதைப் பார்க்கிறான்,
பிறகு வரிசையை, கடைசி மாடு வரை.
யாரும் அவனுக்குத் துணி வாங்கித் தந்ததில்லை.
இதைப் பரஞ்சோதியின் பக்கம் திரும்பிச் சொல்கிறேன்.

மதியம் சினைப் பரிசோதனை.
விற்க வேண்டியவை மூன்று என்று
தாளில் எழுதியாகிவிட்டது. முதலில் எண்பத்தெட்டு.
மருந்துக்கு அடங்காத கிருமி,
ஐந்தாம் ஈற்று, வயதான மாஃப்ரிவால்.
அவளுக்குப் பரிசோதனையே தேவையில்லை.
வரிசையில் வந்துவிட்டாள்,
கை ஏற்கெனவே தோள்வரை உறைக்குள்.

விரலிடுக்கில் ஒரு சவ்வு வழுக்கிப் போகிறது.
ஏழு வாரம்.

கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.
அவள் வாலால் என் காதில் ஒரு அடி கொடுத்தாள்.

"கடைசியாகக் கறங்க. தனி வாளி.
தொட்டிக்கு அவள் பால் ஒரு சொட்டும் வேண்டாம்.
கன்று போட்டதும் பேசுவோம்."
"பாலும் தராது, தீனி மட்டும் தின்னும்," என்றார் தவமலர்.
கணக்கு சரிதான்.
மறுக்க என்னிடம் எண் இல்லை.
பின்னால் எண்பத்தொன்பது
கம்பியை முட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதத் தாளில் மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம்.
கொடியில் நூறு துணி காய்கிற படம் ஒன்றும் வந்தது,
ஷோஹெல் கட்டைவிரல் உயர்த்தியபடி.

நேற்றிரவு பரஞ்சோதியின் அழைப்பு.
"ஒரு மாடு நொண்டுது டாக்டர்."
"எத்தனை?"
"ஒண்ணுதான்..."
கொட்டகைச் சத்தம், மின்விசிறி, யாரோ முட்டுகிற கம்பி.
"இருங்க, நடக்கவிட்டு எண்ணிட்டு வரேன்."